கெர்னல் ஆவணத்தில் ஒரு வரி: எந்த ஆர்க்கிடெக்சருக்கு எந்த கம்பைலர்

லினக்ஸ் கெர்னலின் சோர்ஸுக்குள் டாக்குமென்டேஷன் என்ற அடைவில், கேபில்ட் என்ற உள்ளடைவில், எல்எல்விஎம்.ஆர்எஸ்டி என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஜிசிசி என்ற கம்பைலருக்குப் பதிலாக எல்எல்விஎம் திட்டத்தின் கம்பைலரான கிளாங்கை வைத்துக் கெர்னலை எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு. அதன் கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன அட்டவணை வரும். மூன்றே பத்திகள்தான்: ஆர்க்கிடெக்சரின் (பிராசசர் வகையின்) பெயர், ஆதரவின் நிலை, மேக் கட்டளைக்குக் கொடுக்க வேண்டியது. பார்த்தால் பத்து நிமிட வேலை போலத் தெரியும். அந்த மாதிரி ஒரு வரியை நம்பிக்கையோடு எழுத எனக்கு முதல் முறை ஒரு வாரம் போனது, அதில் பாதி நானே செய்த தப்பைக் கண்டுபிடிக்க.

இந்த அட்டவணையைத் திருத்தவோ, உங்கள் குழுவின் கெர்னலுக்கு இதே மாதிரி ஒன்றைத் தயாரிக்கவோ போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கெர்னலை ஒன்றிரண்டு முறை பில்ட் செய்த பழக்கம் இருந்தால் போதும், கம்பைலர் உள்விவகாரம் தெரிய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'ஆதரவு உண்டு' என்று எழுதுவதில் யாருக்கும் பயனில்லை. படிப்பவர் தன் கணினியில் அப்படியே ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரு கட்டளைதான் அந்த வரியில் இருக்க வேண்டும், அதுவும் நீங்கள் உண்மையில் ஓட்டிய கட்டளையாக இருக்க வேண்டும்.

(கட்டளைகளை இங்கே ஒலிக்கேற்பத் தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் தட்டும்போது வழக்கமான எழுத்துகளில் தட்டுங்கள், எல்எல்விஎம், ஆர்ச், சிசி போன்ற மாறிகள் எல்லாம் பெரிய எழுத்து.)

ஏன் இப்படி ஒரு அட்டவணையே தேவைப்பட்டது

கெர்னல் நெடுங்காலம் ஜிசிசியை நம்பியே வளர்ந்தது. சி மொழித் தரத்தில் இல்லாத ஜிசிசி நீட்டிப்புகள் அதில் ஏகப்பட்டவை. அவற்றில் சிலவற்றை கிளாங் ஏற்கவே இல்லை. ஸ்ட்ரக்டுக்குள் நீளம் மாறும் வரிசைகள் அப்படி ஒன்று. அதில் கெர்னல்தான் இறங்கி வந்தது: நீளம் மாறும் வரிசைகளையே 2018-இல் மொத்தமாகத் துடைத்துவிட்டார்கள். 'ஏஎஸ்எம் கோட்டோ' (சி நிரலுக்குள் எழுதும் அசெம்பிளியிலிருந்து ஒரு சி லேபிளுக்குத் தாவ விடும் நீட்டிப்பு) விஷயத்தில் கிளாங் இறங்கி வந்தது, 2019-இல் வந்த எல்எல்விஎம் 9 அதைக் கற்றுக்கொண்டது. ஆண்ட்ராய்டு பக்கம் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, 2017-இல் வந்த பிக்சல் 2 போனிலேயே கிளாங்கில் பில்ட் செய்த கெர்னல்தான் ஓடியது.

இன்னொரு வித்தியாசம் உங்கள் வேலையை நேரடியாகப் பாதிக்கும். ஜிசிசியை ஒருமுறை பில்ட் செய்தால் அது ஒரு இலக்குக்குத்தான் கோட் தரும், அதனால் ஆர்க்கிடெக்சர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜிசிசி வேண்டும். கிளாங் அப்படியில்லை. ஒரே நிரலுக்குள் பல இலக்குகள் இருக்கும், 'கிளாங் --பிரிண்ட்-டார்கெட்ஸ்' என்று கேட்டால் உங்களிடம் இருப்பதில் எவையெல்லாம் உண்டு என்று பட்டியல் போடும். உங்கள் ஆர்க்கிடெக்சர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆல்ஃபா, பாரிஸ்க் போன்றவற்றுக்கு எல்எல்விஎம்மில் பின்முனையே (அந்த இலக்குக்குக் கோட் தரும் பகுதி) கிடையாது, எவ்வளவு முயன்றாலும் ஜிசிசிதான். ஹெக்சகன் இதற்கு நேரெதிர், கெர்னலுக்கு அங்கே கிளாங்தான் வழி.

முதலில், இருக்கும் வரிகளைப் படியுங்கள்

நடுப்பத்தியில் 'சப்போர்ட்டட்', 'மெயின்டெயின்ட்' என்று இரண்டு சொற்கள் வரும். புதியவர்கள் முதலாவது 'நன்றாக ஓடும்', இரண்டாவது 'சுமாராக ஓடும்' என்று படித்துவிடுகிறார்கள். இரண்டும் தரத்தைப் பற்றியவை அல்ல. கெர்னலின் எந்தப் பகுதியை யார் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லும் மெயின்டெய்னர்ஸ் கோப்பிலிருந்து எடுத்த சொற்கள் இவை: ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறார் என்றால் சப்போர்ட்டட், யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் மெயின்டெயின்ட். எக்ஸ்86, ஆர்ம், ஆர்ம்64, ரிஸ்க்-வி ஆகியவை முதல் வகை. பவர்பிசி, மிப்ஸ், எஸ்390, லூங்ஆர்ச், ஹெக்சகன் எல்லாம் இரண்டாவது. ஆக, உங்கள் பில்ட் பிரமாதமாக முடிந்தது என்பதற்காக இந்தச் சொல்லை மாற்ற முடியாது. ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. 'எல்எல்விஎம்=1' என்று போட்டிருந்தால் கம்பைலர், லிங்கர், ஆப்ஜ்காப்பி, ஸ்ட்ரிப் என்று எல்லாமே எல்எல்விஎம் கருவிகள். 'சிசி=கிளாங்' என்று மட்டும் போட்டிருந்தால் கம்பைலர் கிளாங், லிங்கர் முதலான மற்றவை குனு பின்யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பிலிருந்து. இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை எஸ்390 வரி நன்றாகக் காட்டும். பல காலம் அங்கே சிசி=கிளாங் மட்டும்தான் இருந்தது, ஏனென்றால் எல்எல்விஎம்மின் லிங்கரான எல்எல்டிக்கு அந்த ஆர்க்கிடெக்சர் தெரியாது. எல்எல்விஎம் 18.1-இல் அது வந்தது. உடனே வரி இரண்டாகப் பிரிந்தது: 18.1.0 முதல் எல்எல்விஎம்=1, அதற்கு முந்தையதற்கு சிசி=கிளாங். ஒரு ஆவண வரி எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஸ்பார்க் வரியையும் பாருங்கள், அங்கே 'எல்எல்விஎம்_ஐஏஎஸ்=0' என்று ஒன்று கூடுதலாக இருக்கும். கிளாங்கின் உள்ளேயே இருக்கும் அசெம்பிளரை விட்டுவிட்டு குனு அசெம்பிளரைக் கூப்பிடு என்று அர்த்தம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எல்எல்விஎம்_ஐஏஎஸ்=0 என்றால் அந்த அசெம்பிளர் அணையும், சரி. ஆனால் எல்எல்விஎம்=0 என்றால் எல்எல்விஎம் அணையாது! அது எல்எல்விஎம்=1 மாதிரியேதான் நடந்துகொள்ளும். வேண்டாம் என்றால் அந்த மாறியையே எழுதாமல் விட வேண்டும். ஆவணத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பெயர்க் குழப்பம்

ஒரே ஆர்க்கிடெக்சருக்கு மூன்று இடத்தில் மூன்று பெயர். ஓடும் கணினியில் 'யுநேம் -எம்' ஏஆர்ச்64 என்று சொல்லும், கெர்னலுக்கு அது ஆர்ம்64, குனு கருவிகளின் முன்னொட்டில் ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு-. மேக்குக்குக் கொடுக்கும் ஆர்ச்= மாறியில் கெர்னலின் பெயர்தான் வர வேண்டும், அட்டவணையின் முதல் பத்தியிலும் அதேதான். எது சரி என்று தெரியாவிட்டால் சோர்ஸில் ஆர்ச் அடைவைத் திறந்து, உள்ளே அந்தப் பெயரில் அடைவு இருக்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது.

அடுத்து கிராஸ்_கம்பைல், அதாவது குனு கருவிகளின் முன்னொட்டைச் சொல்லும் மாறி. எல்லாமே எல்எல்விஎம் என்றால் இது தேவையில்லை, ஆர்ச்= மதிப்பைப் பார்த்து இலக்கை கெர்னலின் பில்ட் அமைப்பான கேபில்டே முடிவு செய்துகொள்ளும் (ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலிருக்கும் மேக்ஃபைல்.கிளாங் கோப்பில் அந்தப் பொருத்தம் வரிவரியாக இருக்கிறது). குனு லிங்கரோ அசெம்பிளரோ நடுவில் வந்தால் மட்டும் அது வேண்டும். எனவே ஆவணத்தில் எல்எல்விஎம்=1 எழுதிவிட்டுப் பக்கத்தில் கிராஸ்_கம்பைலும் எழுதாதீர்கள். படிப்பவர் வேண்டாத குனு கருவிகளைத் தேடி நிறுவி நேரத்தை வீணாக்குவார்.

கருவிகள்

டிஸ்ட்ரோ தரும் கிளாங் போதும். பல பதிப்புகளில் சோதிக்க வேண்டுமென்றால் கெர்னல்.ஆர்க் தளத்தில் முன்பே பில்ட் செய்த எல்எல்விஎம் தொகுப்புகள் கிடைக்கும், குனு கிராஸ் கம்பைலர்களும் அங்கேயே உண்டு. இறக்கி ஓர் அடைவில் விரித்துவிட்டு, எல்எல்விஎம்= என்பதற்கு 1-க்குப் பதிலாக அந்தத் தொகுப்பில் நிரல்கள் இருக்கும் 'பின்' என்ற உள்ளடைவுக்கான பாதையைக் கொடுக்கலாம், கடைசியில் சாய்கோடு அவசியம். டிஸ்ட்ரோவில் கிளாங்-18 என்று பதிப்பு எண்ணோடு நிறுவியிருந்தால் எல்எல்விஎம்=-18 என்று கொடுக்கலாம், அந்தக் கோடும் சேர்த்துத்தான்.

குறைந்தபட்சப் பதிப்பை ஊகிக்காதீர்கள். டாக்குமென்டேஷன்/பிராசஸ்/சேஞ்சஸ்.ஆர்எஸ்டி கோப்பில் பொதுவான எண் இருக்கும், 6.12 கெர்னலில் ஜிசிசிக்கு 5.1, கிளாங்குக்கு 13.0.1. ஜிசிசி எண்ணை 6.16-இல் 8.1 ஆக உயர்த்தினார்கள், அதனால் பழைய கட்டுரைகளில் பார்த்த எண்ணை நம்பி எழுதவே கூடாது. அதோடு சில ஆர்க்கிடெக்சர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு: அதே 6.12-இல் எஸ்390-க்கு 15.0.0, லூங்ஆர்ச்சுக்கு 18.0.0. இதெல்லாம் ஸ்கிரிப்ட்ஸ்/மின்-டூல்-வெர்ஷன்.எஸ்ஹெச் என்ற குட்டிக் கோப்பில் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். பில்ட் தொடங்கும்போது 'கம்பைலர் ரொம்பப் பழசு' என்று திட்டுவதும் இந்த எண்களை வைத்துத்தான்.

பில்ட்

ஆர்ம்64-ஐயே எடுத்துக்கொள்வோம்:

மேக் ஓ=../பில்ட்-ஆர்ம்64 ஆர்ச்=ஆர்ம்64 எல்எல்விஎம்=1 டெஃப்கான்ஃபிக்

மேக் ஓ=../பில்ட்-ஆர்ம்64 ஆர்ச்=ஆர்ம்64 எல்எல்விஎம்=1 -ஜே8

முதல் வரி அந்த ஆர்க்கிடெக்சரின் இயல்பான கான்ஃபிக்கைப் போடும், இரண்டாவது பில்ட் செய்யும். ஓ= என்பது வெளியீட்டு அடைவு. ஆர்க்கிடெக்சர் ஒன்றுக்கு ஒன்று, கம்பைலர் ஒன்றுக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். ஒரே அடைவில் எல்லாவற்றையும் கலந்தால் எந்தக் கோப்பு எதிலிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு வரிகளிலும் ஆர்ச்சும் எல்எல்விஎம்மும் திரும்ப வருவதைக் கவனியுங்கள். நான் வழுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். ஒரு தடவை கான்ஃபிக் போட்ட பிறகு சாப்பிடப் போய்விட்டு வந்து, ஷெல் வரலாற்றிலிருந்து பழைய கட்டளை ஒன்றை மேலம்புக்குறியால் எடுத்து எண்டர் தட்டினேன். அதில் எல்எல்விஎம்=1 இல்லை, சிசி=கிளாங்கும் கிராஸ்_கம்பைலும்தான் இருந்தன. மேக் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கான்ஃபிக்கைப் புதுச் சூழலுக்கு மாற்றிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்தது. நானும் 'எல்எல்விஎம்=1, சோதித்தாயிற்று' என்று எழுதி அனுப்பினேன். குனு கருவிகளே இல்லாத கணினியில் ஒருவர் அதை ஓட்டிப் பார்த்தார், லிங்க் செய்யும் கட்டத்தில் எல்எல்டி பிழை கொட்டியது. என் கணினியில் எல்எல்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து, பில்ட் முடிந்ததும் மற்ற எதையும் பார்க்கும் முன் வெளியீட்டு அடைவின் .கான்ஃபிக் கோப்பைத் திறக்கிறேன். பார்க்க வேண்டியது முதல் சில வரிகள்தான். கான்ஃபிக்_சிசி_இஸ்_கிளாங்=ஒய் என்றிருக்க வேண்டும். கான்ஃபிக்_ஜிசிசி_வெர்ஷன்=0 என்றும், கான்ஃபிக்_கிளாங்_வெர்ஷன்=180108 என்பது மாதிரியும் இருக்கும், அதை 18.1.8 என்று படிக்க வேண்டும். அதற்குக் கீழே லிங்கர்: கான்ஃபிக்_எல்டி_இஸ்_எல்எல்டி=ஒய் என்று இருந்தால் நிம்மதி. கான்ஃபிக்_எல்டி_இஸ்_பிஎஃப்டி=ஒய் என்றும் பக்கத்தில் 24200 என்றும் இருந்தால் குனு லிங்கர் 2.42 உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். என்னுடைய கோப்பில் அந்த 24200 கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

இந்த முதல் வரிகளை அப்படியே வெட்டி உங்கள் குறிப்பில் ஒட்டி வையுங்கள். கூடவே ஓட்டிய முழுக் கட்டளையும், 'கிட் டிஸ்கிரைப்' தரும் கெர்னல் பதிப்பும்.

ஒரு கான்ஃபிக் போதாது

டெஃப்கான்ஃபிக் முடிந்ததென்றால் அந்த ஆர்க்கிடெக்சரின் மிக நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு மூலை முடிந்தது, அவ்வளவுதான். 'பவர்பிசி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் 32 பிட்டும் இருக்கிறது, 64 பிட் பிக் எண்டியனும் இருக்கிறது, லிட்டில் எண்டியனும் இருக்கிறது (எண்டியன் என்பது ஒரு எண்ணின் பைட்டுகளை நினைவகத்தில் வைக்கும் வரிசை). ஆர்மில் வி5, வி6, வி7 என்று தலைமுறைகள். மிப்ஸும் இரு எண்டியனிலும் வரும். அந்தந்த ஆர்ச் அடைவுக்குள் கான்ஃபிக்ஸ் என்ற உள்ளடைவைப் பாருங்கள், பெயர்களே கதை சொல்லும். ஆர்முக்கு மல்டி_வி7_டெஃப்கான்ஃபிக், பவர்பிசிக்கு பிபிசி64எல்இ_டெஃப்கான்ஃபிக், மிப்ஸுக்கு மால்ட்டா_டெஃப்கான்ஃபிக் ஆகியவற்றை நான் முதலில் எடுப்பேன்.

அதன் பிறகு ஆல்மாட்கான்ஃபிக், அதாவது முடிந்ததையெல்லாம் மாட்யூலாகப் போட்டு பில்ட் செய்வது. நேரம் எடுக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். பிழை வந்தால் அது கம்பைலரின் குற்றமா, ஏதோ ஒரு டிரைவரின் குற்றமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதே கான்ஃபிக்கை ஜிசிசியில் ஓட்டுங்கள். அங்கேயும் விழுந்தால் உங்கள் அட்டவணைக்கு அது சம்பந்தமில்லாத விஷயம், தனியாகப் புகார் செய்யலாம். கான்ஃபிக்_வெரர் இயங்கிக்கொண்டிருந்தால் வெறும் எச்சரிக்கையே பிழையாகி பில்ட்டை நிறுத்தும், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிறதா?

பில்ட் ஆவது வேறு, பூட் ஆவது வேறு. பில்ட் சுத்தமாக முடிந்தும் பூட்டில் ஒரு எழுத்துகூட அச்சிடாமல் உட்கார்ந்திருக்கும் கெர்னலைப் பார்த்தால்தான் இது உறைக்கும். நிஜ ஹார்ட்வேர் வேண்டியதில்லை, கியூஎமு என்ற எமுலேட்டர் போதும். ஆர்ம்64-க்கு 'விர்ட்' மெஷின், கெர்னலாக ஆர்ச்/ஆர்ம்64/பூட்/இமேஜ், கன்சோல் டிடிஒய்ஏஎம்ஏ0, கூடவே -நோகிராஃபிக். எக்ஸ்86-க்கு கன்சோல் டிடிஒய்எஸ்0. கன்சோல் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் கெர்னல் உள்ளே உயிரோடுதான் இருக்கும், திரையில் ஒன்றும் வராது. நீங்கள் கம்பைலரைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். கியூஎமுவிலிருந்து வெளியே வர கன்ட்ரோல்-ஏ தட்டிக் கையை எடுத்துவிட்டு எக்ஸ் தட்ட வேண்டும். இது தெரியாமல் டெர்மினலையே மூடிக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு.

ரூட் ஃபைல்சிஸ்டம் கொடுக்கவில்லையென்றால் கடைசியில் ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆகும். பயப்படாதீர்கள், அவ்வளவு தூரம் வந்ததே கெர்னல் பெரும்பாலும் எழுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஆனாலும் அதோடு நிறுத்தாமல் பில்ட்ரூட் என்ற கருவியில் ஒரு சின்ன இனிட்ராம்எஃப்எஸ் (நினைவகத்திலேயே இருக்கும் ரூட் ஃபைல்சிஸ்டம்) செய்து கொடுத்து ஷெல் வரை போய்விடுவது நல்லது. பயனர் வெளிக்குப் போகாமலே 'பூட் ஆகிறது' என்று எழுதினால் பாதிதான் உண்மை.

பூட் லாக்கின் ஆரம்பத்தில் 'லினக்ஸ் வெர்ஷன்' என்று தொடங்கும் நீளமான வரி ஒன்று வரும். அதில் அடைப்புக்குள் கிளாங் வெர்ஷன் 18.1.8, எல்எல்டி 18.1.8 என்று கம்பைலரும் லிங்கரும் சேர்ந்தே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் தன் வாயாலேயே சொல்லும் சாட்சி அது. இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, அதையும் வெட்டி ஒட்டுங்கள்.

இப்போதுதான் எழுதுவது

அட்டவணை லிஸ்ட்-டேபிள் வடிவத்தில் இருக்கும். ஒவ்வொரு வரிசையும் நட்சத்திரம், இடைவெளி, சிறுகோடு என்று தொடங்கும், அடுத்த இரண்டு பத்திகளும் அந்தச் சிறுகோட்டுக்கு நேர் கீழே சிறுகோட்டோடு தொடங்கும். கட்டளையை இரட்டை பேக்டிக்குக்குள் போடுங்கள். வரிசைகள் அகரவரிசையில் இருக்கின்றன, உங்களுடையதைக் கடைசியில் ஒட்டாமல் அதன் இடத்தில் செருகுங்கள். ஒரு பத்தியை மறந்துவிட்டால் அந்த ஒரு வரி மட்டும் கெடாது, 'இந்த வரிசையில் 2, அந்த வரிசையில் 3' என்று சொல்லி, ஆவணத்தைப் பக்கமாக மாற்றும் கருவியான ஸ்பிங்க்ஸ் முழு அட்டவணையையும் நிராகரித்துவிடும். அதனால் அனுப்புவதற்கு முன் 'மேக் ஹெச்டிஎம்எல்டாக்ஸ் ஸ்பிங்க்ஸ்டிர்ஸ்=கேபில்ட்' ஓட்டி, வந்த பக்கத்தை உலாவியில் கண்ணால் பாருங்கள்.

எல்எல்விஎம்=1 ஓடவில்லை, சிசி=கிளாங் ஓடுகிறது என்றால் சிசி=கிளாங் என்றே எழுதுங்கள். குறிப்பிட்ட பதிப்புக்கு மேல்தான் ஓடுகிறதென்றால் பதிப்பையும் அதே கட்டத்தில் எழுதுங்கள், எஸ்390-இல் செய்த மாதிரி. சிறிய உண்மையை எழுதுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. எந்த கான்ஃபிக் விழுந்தது, எதற்காக விழுந்தது என்ற விவரம் அட்டவணைக்குள் வேண்டாம், அது கமிட் செய்தியில் போகட்டும். ஓட்டிய கட்டளைகள், கருவிகளின் பதிப்புகள், பூட் லாக்கின் அந்த ஒரு வரி, எல்லாம் அங்கேதான். அட்டவணை மூன்று சொல்லாக இருப்பதாலேயே கமிட் செய்தி நீளமாக இருக்க வேண்டியிருக்கிறது.

தலைப்பு வரி எப்படி இருக்க வேண்டும் என்று குழம்ப வேண்டாம், அந்தக் கோப்பின் மேல் 'கிட் லாக் --ஒன்லைன்' ஓட்டினால் மற்றவர்கள் எழுதிய பாணி தெரியும். சைன்டு-ஆஃப்-பை வரியை மறக்காதீர்கள். செக்பேட்ச்.பிஎல் ஓட்டுங்கள், கெட்_மெயின்டெய்னர்.பிஎல் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும், கிட் சென்ட்-ஈமெயில் வழியாக வெறும் உரையாக அனுப்புங்கள். இணைப்பாக அனுப்பினால் வரிக்கு வரி மேற்கோள் காட்டிப் பதில் எழுதுவது அவர்களுக்குத் தொல்லை.

அனுப்பிய கையோடு வெளியீட்டு அடைவுகளை அழித்து இடத்தை மிச்சம் பிடிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 'உங்கள் .கான்ஃபிக் கிடைக்குமா, என்னிடம் வேறு மாதிரி வருகிறது' என்று யாராவது கேட்க வாய்ப்பிருக்கிறது, அழித்திருந்தால் அந்த நேரத்தில் மறுபடியும் ஒரு ராத்திரி ஆல்மாட்கான்ஃபிக் ஓட்ட வேண்டியிருக்கும்.